கட்டில் காலடியில் நின்ற ரிலீவர்

என்னைக் கடித்தது ஒரு பூச்சி. இதைச் சொன்னால் எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். பூச்சி கடித்ததற்கா பதினோரு நாள் ஐசியூ என்று கேட்கிறார்கள். சிரிக்கட்டும். சிரித்தவர்களில் இரண்டு பேர் பிறகு தனித்தனியாக வந்து, "உள்ள இன்னாதான் நடந்துச்சு, சொல்லு ஏகா" என்று மெதுவாகக் கேட்டார்கள். வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் பாய்லர் ஆப்பரேட்டர். விறகு போட்டு எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, குழாய் வழியாக உள்ளே அனுப்புவது என் வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஒவ்வொரு மணி நேரமும் ஆவியின் அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எரிகிற பாய்லரை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அடுத்த ஷிப்டு ஆள் வந்து, தண்ணீர் மட்டத்தைத் தன் கண்ணால் பார்த்து, நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் ஆள் கிளம்பலாம். வருகிற அந்த ஆளுக்குப் பெயர் ரிலீவர். என் ரிலீவர் பழவேற்காட்டு காதர் பாய். மழையோ வெயிலோ, இரண்டு மணிச் சங்கு ஊதும்போது வாசலில் நிற்பார்.

இருபத்தாறு வருடம் இப்படி எழுதினேன். சலித்துவிட்டது. ஐம்பதைத் தாண்டியதும் எனக்கு ஆன்மீகக் கிறுக்கு பிடித்தது. செல்போனில் யார் யாரோ பேசும் பேச்சுகளைக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியாயிற்று, இனி வீடு எதற்கு, வேலை எதற்கு, எங்காவது மலைப் பக்கம் போய் உட்கார்ந்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தேன். சோறு வடிப்பதும் நோட்டில் நம்பர் எழுதுவதும் ஒரு பிறவியா என்று என் மனைவி வசந்தாவிடமே கேட்டிருக்கிறேன். அவள் அசரவில்லை.

"சாமியாரே, போறதுன்னா போ. போறதுக்கு முன்னாடி சிலிண்டர் புக் பண்ணிட்டுப் போ" என்றாள்.

பாய்லர் ஷெட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் புதர் மண்டிக் கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஒரு கட்டை மேல் உட்கார்ந்துதான் பற்றறுப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அங்கேதான் கடித்திருக்கிறது. கடித்தது எனக்குத் தெரியவே இல்லை.

கார்த்திகை மழை விட்ட வாரம் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டால் இறங்கும், மூன்று மணி நேரத்தில் திரும்ப ஏறும். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போலத் தலைவலி. தெரு முனை கிளினிக்கில் ஊசி போட்டார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை என்று ஒவ்வொரு ரிப்போர்ட்டாக வந்தது. இல்லை இல்லை என்று வர வர பயம்தான் கூடியது. ஏழாம் நாள் காலை பாத்ரூமிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. காதர் பாய் தன் மச்சான் காரைக் கொண்டுவந்தார். வசந்தாவின் அக்கா வேப்பம்பட்டில் இருப்பதால் சோறு கொண்டுவர வசதி என்று திருவள்ளூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. வந்ததும் சட்டையைக் கழற்றச் சொன்னார். அக்குள், முதுகு, காது மடலுக்குப் பின்னால் என்று எதையோ தேடினார். வெட்கமாக இருந்தது.

"இன்னாம்மா தேடற?" என்றேன்.

"ஒரு கறுப்பு மார்க் சார். சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கும். கொஞ்சம் அரணாக்கயிற தூக்குங்க."

தூக்கினேன். அதற்கு அடியில் இருந்தது. மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. இத்தனை நாள் தினமும் குளித்திருக்கிறேன், ஒருநாளும் கண்ணில் படவில்லை.

ஸ்க்ரப் டைபஸ் என்றார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு உண்ணி புதரில் இருக்கும், அது கடித்த இடத்தில் இப்படி ஒரு பொருக்கு கட்டும், கிருமி ரத்தத்தில் கலந்து நுரையீரல், மூளை என்று எங்கே வேண்டுமானாலும் போகும் என்று விளக்கினார். மருந்து இருக்கிறது, விலையும் குறைவுதான், ஆனால் நான் வந்தது தாமதம், நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார். அன்று மாலையே தூங்க வைத்து, வாய் வழியாகக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்கள். நமக்குப் பதிலாக மூச்சு விடும் எந்திரம் அது. குழாய் இருக்கும்வரை பேச முடியாது.

இனிமேல் எழுதப்போவதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எனக்கே நிச்சயமில்லை. நான் கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தது வெளிச்சம். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. விளக்கை அணைப்பதே இல்லை. பகலா ராத்திரியா என்று தெரியாத இடத்தில் இருந்து பார்த்தால்தான் பொழுது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். தலைமாட்டில் ஒரு சத்தம், பீப் பீப் என்று. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பாய்லரில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று எச்சரிக்கும் சத்தம்.

என் மூளை அங்கேயே நின்றுவிட்டது. நான் ஷெட்டில் இருக்கிறேன், தண்ணீர் வற்றிவிட்டது, உள்ளே இரும்பு சிவந்து பழுத்துக் கிடக்கிறது. அப்படி ஆனால் முதலில் நெருப்பை அணைக்க வேண்டும். தண்ணீர் மட்டும் விடவே கூடாது. பழுத்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மொத்தமும் வெடிக்கும். இதைத்தான் எங்களுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தருவார்கள். தலையைத் திருப்பிப் பார்த்தேன். மேலே ஒரு பாட்டில் தொங்குகிறது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குழாயில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

யார் தண்ணீரைத் திறந்துவிட்டது என்று கத்தினேன். சத்தம் வரவில்லை. வரிசையாகப் படுத்திருப்பவர்கள் எல்லாரும் சாகப்போகிறார்கள், எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். கையில் ஏறியிருந்த டிரிப்பைப் பிடுங்கி எறிந்தேன். ரத்தம் சுவரில் தெறித்தது. நான்கு பேர் ஓடிவந்து அமுக்கினார்கள். அதற்குப் பிறகு இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். எல்லாரையும் காப்பாற்றிவிட்ட திருப்தியில் நான் கிடந்தேன்.

அப்புறம்தான் அவன் வந்தான்.

காலடியில் நின்றான். நீல யூனிபார்ம், எங்கள் கம்பெனியில் கொடுப்பது போன்றது. ஷூ நனைந்திருந்தது, ஆனால் தரையில் ஈரத் தடம் இல்லை. தெரிந்த முகம்தான். யார் என்று பிடிக்கப் போனால், பார்வை வழுக்கிக்கொண்டு அவன் கையில் இருந்த நோட்டுக்குப் போய்விடும். அவன் எதையோ பார்த்து எழுதினான். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினான்.

"சைன் போட்டுட்டுக் கெளம்பு நைனா. எம்மா நேரமா நின்னுக்கினு இருக்க. நான் பாத்துக்கறேன்."

அவன் மிரட்டியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்தக் குரலில் அத்தனை பரிவு. எனக்கோ உடம்பில் ஒவ்வொரு எலும்பும் ஓய்ந்து கிடந்தது. போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. மலைப் பக்கம் போய் உட்காரத் தவித்தவன்தானே நான். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று ஒருவன் வந்து கூப்பிடுகிறான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது, வீட்டில் சிலிண்டர் புக் பண்ணவில்லை என்பது. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. கடவுள் பெயர் வரவில்லை, கேட்ட பேச்சில் ஒரு வரி வரவில்லை. சிலிண்டர்தான் வந்தது. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

அவன் கோபிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குப் போனான். அங்கே ஒரு பெரியவர், இடது காதில் பழைய காலத்துக் கடுக்கன் போட்டவர். அவர் எழுந்து உட்கார்ந்து, நோட்டை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். திரையை இழுத்தார்கள். திரையை விலக்கியபோது கட்டில் காலி, புது விரிப்பு.

அவன் திரும்பத் திரும்ப வந்தான். எத்தனை முறை என்று தெரியாது. நான் தூங்காமல் இருக்கப் பழகினேன். தூக்கத்தில் கையைப் பிடித்துப் போட வைத்துவிடுவானோ என்ற பயம். ஒருமுறை வசந்தா வந்து, கட்டியிருந்த என் கைகளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் தோளுக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். அவளைத் தொட்டுவிடுவானோ என்று நான் துள்ளியதைப் பார்த்து, அவளைக் கண்டுதான் நான் பயப்படுகிறேன் என்று நினைத்து அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டே போனாள்.

பிறகு குழாயை எடுத்தார்கள். பேசினேன், கஞ்சி குடித்தேன், வார்டுக்கு மாற்றினார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைத் தாங்கியது, மீதியைக் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் பிழைத்து வந்துவிட்டான் என்று கும்பிட்டார்கள். அவனும் கூடவே வந்துவிட்டான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் தொழிற்பேட்டைச் சங்கு நன்றாகக் கேட்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு அது ஊதும். பட்டப் பகல், தெருவில் காய்கறி வண்டி போகும், பக்கத்து வீட்டில் டிவி ஓடும். சங்கு அடங்கியதும் சமையலறை வாசலில் அவன் நிற்பான். இப்போதெல்லாம் பேசுவதில்லை. நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டு, அந்த எண்ணையே பார்த்தபடி இருப்பேன். பாத்ரூம் கதவைத் தாழ் போடப் பயம். குக்கர் விசில் அடித்தால் பயம். இருபத்தாறு வருடம் ஆவியோடு பிழைப்பு நடத்தியவன், இட்லிப் பானையைத் திறந்தால் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். சாப்பிடவும் பயம், தூங்கவும் பயம். அடுத்த மாதம் வேலைக்கு வரச் சொன்னார்கள். போகப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

டாக்டரம்மாவைத் திரும்பப் பார்க்கப் போனபோது பாதியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஐசியூவில் கடுமையான காய்ச்சல், தூக்க மருந்து, இரவு பகல் தெரியாமை எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடும், அதற்கு டெலிரியம் என்று பெயர், நிறையப் பேருக்கு வரும், வெளியே சொல்லமாட்டார்கள் என்றார். நாளாக நாளாகக் குறையும் என்றும் சொன்னார். பிறகு, "உங்கள பாத்துக்கிட்ட நர்ஸ் அந்தோணி ட்யூட்டியிலதான் இருக்காரு, பாத்துட்டுப் போங்க" என்றார்.

அந்தோணி குள்ளமான பையன், நன்றாகச் சிரித்தான். "நான்தான் சார் ஒங்க கால்மாட்டுல நின்னு மணிக்கு மணி எழுதுவேன். பிபி, பல்ஸ், மூச்சு, எல்லாம். ட்யூட்டி முடிஞ்சா, கெளம்பறேன் நைனான்னு ஒங்க கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்" என்றான்.

எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. "கையெழுத்துக் கேட்டது நீதானா?" என்றேன்.

"பேஷன்ட் கிட்ட நாங்க எதுக்கு சார் கையெழுத்து கேக்கப் போறோம்?"

"நீலக் கலர் டிரஸ் போட்டுக்கினு?"

அவன் தன் பச்சைச் சட்டையைத் தொட்டுக் காட்டினான். இங்கே எல்லாருக்குமே பச்சைதான் என்றான். பக்கத்துக் கட்டிலில் கடுக்கன் போட்ட பெரியவரைப் பற்றிக் கேட்டேன். அவன் சிரிப்பு நின்றது. "அவரு நீங்க வர்றதுக்கு மொத நாளே போய்ட்டாரே சார். ஒங்களுக்கு யாரு சொன்னது?"

வெளியே வந்து வசந்தாவோடு பஸ் ஏறினேன்.

அதற்கு மூன்றாம் நாள். சங்கு ஊதியது. வழக்கம்போல அவன் வந்து நின்றான். நான் கட்டிலில் உறைந்து உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஒன்று வித்தியாசமாக இருந்தது. அவன் நோட்டை என் பக்கம் நீட்டவில்லை. கீழே, பீரோ பக்கம் நீட்டியிருந்தான்.

பீரோவில் சாய்ந்து வசந்தா தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. தாடை தொங்கிவிட்டது. மடியில் ஒரு ஸ்கூல் நோட்டு, விரலிடுக்கில் பேனா.

"ஏம்மே?" என்றேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணும் இல்லய்யா. இன்னா வோணும்? தண்ணி வோணுமா?"

"அது இன்னா நோட்டு?"

மறைக்கப் பார்த்தாள். கையை நீட்டி வாங்கினேன். கட்டம் போட்டிருந்தாள், ஸ்கேல் வைத்து. மணி, மூச்சு எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு, காய்ச்சல் உண்டா. நான் ஐசியூவில் கிடந்தபோதே அந்தோணியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து ஒரு மணி நேரம்கூட விடவில்லை. நடுராத்திரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லா வரியும் அவள் கையெழுத்து. எழுத்து பக்கத்துக்குப் பக்கம் கோணிக்கொண்டே போயிருந்தது. ஒரு இடத்தில் பேனா இழுத்துக்கொண்டு கட்டத்தைத் தாண்டியிருந்தது. எழுதும்போதே கண் அசந்திருக்கிறாள், உடனே விழித்துக்கொண்டு எண்ணைச் சரியாகப் போட்டிருக்கிறாள். மகள் ஓசூரில் நிறைமாதம், வர முடியாது. அக்காவுக்கு முழங்கால் வலி. வேறு ஒரு கையெழுத்தும் அந்த நோட்டில் இல்லை.

இருபத்திமூன்று நாள். ரிலீவர் இல்லாமல், ஒற்றை ஆளாக.

எங்கள் தொழிலில் இரண்டாவது ஷிப்டு சேர்ந்தாற்போல் ஒருவன் நின்றாலே சண்டை போட்டு வீட்டுக்கு அனுப்புவோம். தூக்கம் கெட்டவன் கையில் நெருப்பைக் கொடுக்கக் கூடாது. நான் என் மூச்சையே பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும், நாலடி தூரத்தில் இவள் அழிந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. அவன் தன் நோட்டை ஏன் இவள் பக்கம் நீட்டுகிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுந்தேன்.

"எங்கய்யா போற?"

"நீ போய்ப் படு. நான் பாத்துக்கறேன்."

"நீ யார பாத்துக்குவ? ஒன்னையே ஒருத்தர் பாக்க வேண்டிக்கீது."

"என்ன நானே பாத்துக்கறேன். பேனாவக் குடுமே."

"மூணு மணிக்கு மாத்திர கீது..."

"எழுதித்தானே வெச்சிக்கீற. எனக்குப் படிக்கத் தெரியும்."

பேனாவைக் கொடுக்கவே அவளுக்கு மனசு வரவில்லை. விரலைப் பிரித்துத்தான் எடுத்தேன். கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் அவள் கை தளர்ந்தது, பிறகு முகம் தளர்ந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது.

நோட்டில் கோடு போட்டு, இரண்டு மணி இருபது நிமிடம், மூச்சு பதினெட்டு, காய்ச்சல் இல்லை என்று எழுதினேன். அடியில் ஏகாம்பரம் என்று கையெழுத்துப் போட்டேன். கை நடுங்காமல் எழுதியது. இருபத்தாறு வருடம் வெறும் நம்பர் என்று நினைத்தேனே, ஒவ்வொரு நம்பருக்கும் பின்னால் நாலு பேர் உயிரோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்தோணி எழுதியதால் நான் இருக்கிறேன். இவள் எழுதியதால் இருக்கிறேன். எந்த மலையில் போய் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு இதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது.

அவள் எழுந்தால் சாப்பிடச் சோறு வைக்க வேண்டும். அரிசி டப்பா சமையலறையில். வாசலில் அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். நனைந்த ஷூ, நீலச் சட்டை. இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன். பார்வை வழுக்கவில்லை. சாதாரண முகம், வேலை செய்து களைத்த முகம். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"சத்தம் போடாத. தூங்கறா" என்றேன்.

அவனை உரசிக்கொண்டு உள்ளே போனேன். தோள் பட்ட இடம் ஐஸ் வைத்தது போல இருந்தது. ஒன்றரை ஆழாக்கு அரிசியை அளந்து போட்டு, களைய ஆரம்பித்தேன்.